செம்மண் தடத்துக்கு எஃகுதான்

மலைச் சைக்கிள் வாங்க நினைப்பவர்கள் காரைக்குடியில் என்னிடம் முதலில் கேட்பது எடையைத்தான். கடைக்குப் போனதும் ஒரு கையால் தூக்கிப் பார்க்கிறார்கள். லேசாக இருந்தால் முகம் மலர்ந்துவிடுகிறது. நானும் அப்படித் தூக்கிப் பார்த்துத்தான் ஓர் அலுமினிய சைக்கிள் வாங்கினேன். இன்று என் கருத்து வேறு. நம் பக்கத்துத் தடங்களில் பல வருடம் ஓட்ட நினைப்பவர், குரோமியமும் மாலிப்டினமும் கலந்த குரோமோலி எஃகு பிரேம் வாங்க வேண்டும்.

நான்காவது ஆண்டில், குன்றக்குடிப் பக்கம் சரளைப் பாதையில் மிதிக்கும்போதெல்லாம் ஒரு கிறீச் சத்தம் வந்தது. பெடல் என்று எண்ணி எண்ணெய் விட்டேன். ஒரு வாரம் கழித்துத் துடைக்கும்போதுதான் கண்ணில் பட்டது: ஹேண்டில் பாருக்குக் கீழே, குழாய்கள் சேரும் பற்றவைப்பின் ஓரத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு. பெயின்ட் கீறல் என்று நகத்தால் சுரண்டினேன். நகம் சிக்கியது. செம்மண் தூள் உள்ளே இறங்கியிருந்தது.

ஆர்கான் வாயு வைத்து அலுமினியம் பற்றவைக்கும் பட்டறையைத் தேடிப்பிடித்து ஒட்டினேன். நேர்த்தியான வேலை. ஆனாலும் மூன்றே வாரத்தில், ஒட்டுக்கு அரை அங்குலம் தள்ளி மறுபடி விரிந்தது. பட்டறைக்காரர் மேல் பிழையில்லை. 6061 போன்ற அலுமினியக் கலவை, பற்றவைத்தபின் முழு பிரேமையும் உலையில் வைத்துப் பதப்படுத்தினால்தான் முழு வலுப் பெறும். பின்னாளில் ஓரிடத்தில் நெருப்புப் பட்டால் சுற்றுப்புறம் பதம் இழந்துவிடும்.

அதோடு, அலுமினியம் சின்னச் சின்ன அதிர்வையும் கணக்கு வைத்துக்கொள்ளும். எஃகுக்கும் டைட்டானியத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அதற்குள் வரும் அழுத்தத்தை லட்சக்கணக்கான முறை கொடுத்தாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அந்த எல்லை இல்லை. அதனால்தான் நல்ல நிறுவனங்கள் தேவைக்கு மேலேயே உலோகம் வைத்துச் செய்கின்றன. அத்தகைய பிரேம்கள் நெடுநாள் உழைப்பதை நான் மறுக்கவில்லை.

சரி, எடை? ஒரு கன சென்டிமீட்டர் எஃகு 7.85 கிராம், அலுமினியம் 2.7 கிராம். ஆனால் அலுமினியத்தின் விறைப்பும் எஃகில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதை ஈடுகட்டக் குழாய் பருக்கிறது. குரோமோலியின் வலுவாலோ குழாய்ச் சுவரை ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே மெல்லிதாக்க முடிகிறது. கடைசியில் இரண்டு பிரேம்களுக்கும் இடையே மிஞ்சுவது பெரும்பாலும் அரைக் கிலோ, போனால் ஒரு கிலோ. நாம் முதுகில் சுமக்கும் தண்ணீர் அதைவிடக் கனம். மலிவான இரும்புக் குழாய்ச் சைக்கிளைத் தூக்கிப் பார்த்துவிட்டு குரோமோலியை எடைபோடாதீர்கள்.

கார்பன் இழைகளை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்யும் பிரேம் இவை எல்லாவற்றையும்விட லேசு, அதிர்வையும் நன்றாகத் தாங்கும். ஆனால் செம்புறாங்கல் தெறித்துக் குழாயில் அடித்தால், மேலே ஒரு புள்ளி மட்டும் தெரிய, உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். நாணயத்தால் தட்டினால் அந்த இடம் மட்டும் மந்தமாக ஒலிக்கும். டைட்டானியம் துருவே பிடிக்காது, விலைதான் எட்டாது.

எஃகு துருப்பிடிக்குமே என்கிறார்கள். உலோக அரிப்பை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி 1953 முதல் நம் ஊரில்தான் இயங்குகிறது. நாம் துருவுக்கு இவ்வளவு பயப்படலாமா? ஈரமும் காற்றும் சேர்ந்தால்தான் துரு. ஈரத்தை வெளியேற்றி, குழாயின் உள்ளே எண்ணெய் பூசினால் போதும். எங்கள் ஐயா ஓட்டிய ராலே சைக்கிள் இன்றும் இரண்டாம் கட்டில் நிற்கிறது. மட்கார்டு உதிர்ந்துவிட்டது, பிரேமில் ஒரு விரிசல்கூட இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மழையில் கண்மாய்க்கரை வழியாக வந்தேன். வீட்டுக்கு வந்ததும் சீட் கம்பியை உருவிவிட்டு என் குரோமோலி சைக்கிளைக் கவிழ்த்தேன். ஒரு கரண்டியளவு சிவந்த தண்ணீர் முற்றத்தில் வடிந்தது. துருவோ என்று விரலில் தேய்த்துப் பார்த்தேன். நறநறத்தது. கண்மாய் மண்.