கிராம்பு, பயோஃபிலிம், சர்க்கரைப் புண்: ஒரு திருத்தம்

அண்ணே, "நம்ம செட்டிநாட்டு மசாலாவிலுள்ள கிராம்பு, பட்டை, கல்பாசி மூலிகையே பயோஃபிலிமைக் கொன்றுவிடும், அழகப்பா பல்கலைக்கழகத்திலேயே ஆராய்ச்சி நடக்குது, சர்க்கரைப் புண்ணுக்கு அரைச்சுப் பூசினால் போதும், ஆன்டிபயாட்டிக் எதுக்கு" என்று மேலே போட்டிருக்கீங்க. காரைக்குடியில் இருக்கும் அந்தப் பல்கலைக்கழகத்தில் தாவரப் பொருள்களை வைத்துப் பயோஃபிலிம் ஆராய்ச்சி நடப்பது உண்மைதான். நீங்க அதிலிருந்து எடுத்த முடிவுதான் தப்பு.

பயோஃபிலிம் என்பது பாக்டீரியாக்கள் தாமே சுரந்த பசைக்குள் ஒட்டிக்கிடக்கும் கூட்டம். காலையில் நாக்கால் தடவினால் பல்லில் வழவழன்னு தட்டுப்படுமே, அதுவும் இந்த வகைதான். தாவரப் பொருள் ஆய்வுகளில் பெரும்பாலானவை, ஆய்வகத் தட்டில் இந்தப் படலம் உருவாகாமல் தடுக்க முடியுமா என்று பார்ப்பவை. சில பொருள்கள் கிருமியைக் கொல்வதே இல்லை. கிருமிகள் ரசாயன சமிக்ஞையால் ஒன்றுக்கொன்று தொடர்புகொள்வதை மட்டும் குலைக்கும். புண்ணில் ஏற்கெனவே முற்றிப்போன படலத்தை அழிப்பது வேறு வேலை. அங்கே ஆன்டிபயாட்டிக்கே திணறும். அதனால்தான் டாக்டர்கள் செத்த சதையைச் சுரண்டி எடுக்கிறார்கள்.

ஆய்வகத் தட்டில் கிராம்பிலுள்ள யூஜெனால் என்ற வேதிப்பொருள் பாக்டீரியா மேல் நேரே படுகிறது. குழம்பில் போட்ட நாலு கிராம்பிலிருந்து கால் விரலுக்கு அந்தச் செறிவில் எதுவும் போய்ச் சேராது. மஞ்சளின் குர்குமின் இன்னும் மோசம், ரத்தத்தில் ஏறுவதே சொற்பம். எண்ணெயை நேரே தடவலாமே என்றால், கலப்பில்லாத கிராம்பு எண்ணெய் சதையைப் புண்ணாக்கும். மரத்துப்போன சர்க்கரைக்காரர் காலுக்கு எரிச்சல்கூடத் தெரியாது.

கல்பாசி செடியும் இல்லை, பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் லைக்கன். கோழிக் குழம்புக்கு அது இல்லாமல் ஆகாது, அது வேறு விஷயம். அரைச்சுப் பூசச் சொன்ன வரியை மட்டும் எடுத்துடுங்கண்ணே.