விநியோகச் சங்கிலியில் உருவாகும் பெறுமதியும் கைமாறும் சுமையும்

கொழும்புத் துறைமுகம் கையாளும் கொள்கலன்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு இலங்கைக்கு உரியவை அல்ல. பெரிய கப்பலிலிருந்து இறங்கி, முற்றத்தில் சில நாட்கள் காத்திருந்து, இந்தியாவுக்கோ பங்களாதேசத்துக்கோ போகும் சிறிய கப்பலில் அவை ஏறிவிடுகின்றன. 2023 இன் இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கி, ஐரோப்பாவுக்கான கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போக நேர்ந்தபோது, இந்த வியாபாரம் கொழும்பில் பெருகியது. அதே மாதங்களில், கட்டுநாயக்கவிலிருந்து ஆடை அனுப்பியவர்களுக்குக் கப்பல் கட்டணமும் உயர்ந்தது, பயண நாட்களும் நீண்டன. ஒரே துறைமுகத்தில் ஒருவருக்கு வருமானமாகவும் இன்னொருவருக்கு நட்டமாகவும் ஒரே நிகழ்வு பதிவானது.

கொழும்புக் கோட்டையில் சரக்கு அனுப்பும் தொழிலில் இருப்பவன் என்ற வகையில், உலகளாவிய விநியோகச் சங்கிலி முகாமைத்துவத்தால், அதாவது மூலப்பொருளிலிருந்து வாங்குபவர் கை வரையான பல நாட்டுக் கண்ணிகளை ஒருங்கிணைத்து நடத்துவதால், நிறுவனங்கள் பெறுமதியை உருவாக்குகின்றன என்பதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். ஆயினும் நிறுவனங்கள் தம் கணக்கில் காட்டும் ஆதாயம் முழுவதும் அப்படி உருவானதல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். அதில் ஒரு பகுதி, சங்கிலியின் கீழ்முனையில் உள்ளவரின் தலையில் செலவை ஏற்றியதால் கிடைத்தது.

உண்மையாகவே உருவாகும் பெறுமதிக்கு நம் ஆடைத் தொழிலே சான்று. ஐரோப்பிய ஒன்றியம் தரும் ஜீஎஸ்பி பிளஸ் என்ற இறக்குமதித் தீர்வைச் சலுகையை இலங்கை 2010 இல் இழந்து 2017 இல் மீண்டும் பெற்றது. அந்தச் சலுகை இருந்தால் ஐரோப்பிய ஒன்றியம் ஆடைகளுக்கு விதிக்கும் 12 சதவீதம் வரையான தீர்வை இல்லாமற் போகும். ஆனால் வெளிநாட்டுத் துணியை இங்கு வெட்டித் தைத்துவிட்டால் மட்டும் பொதுவாக அச்சலுகை கிடைத்துவிடாது. துணியும் இங்கேயே உருவாகியிருக்க வேண்டும். இதை உணர்ந்து உள்நாட்டில் துணி பின்னும் ஆலைகளில் முதலிட்டவர்கள் தீர்வையை மட்டும் மிச்சப்படுத்தவில்லை. சீனாவிலிருந்து துணி வந்து சேரக் காத்திருக்கும் வாரங்களும் மிச்சமாயின. சாயத்தில் நிற வேறுபாடு தெரிந்தால் அன்றைக்கே வாகனத்தில் ஏறி ஆலைக்குப் போய்ப் பேசித் தீர்க்கவும் முடிந்தது. இங்கே யாரிடமிருந்தும் எதுவும் பறிக்கப்படவில்லை.

தேயிலையும் அப்படித்தான். 1883 முதல் கொழும்பில் தேயிலை ஏலம் நடக்கிறது. தரகு நிறுவனங்களின் நீண்ட மேசையில் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக நிற்க, சுவை பார்ப்பவர் கரண்டியால் எடுத்து ஓசையெழ உறிஞ்சித் துப்பியபடி ஒரு தோட்டத்திலிருந்து அடுத்த தோட்டத்துக்கு நகர்ந்துகொண்டே போவார்; உதவியாளர் பக்கத்தில் நின்று குறித்துக்கொள்வார். அத்தனை நுணுக்கமாகத் தரம் பிரிக்கப்பட்ட தேயிலை நெடுங்காலமாக மொத்தமாகவே கப்பலேறியது. வேறு நாடுகளின் தேயிலையோடு கலக்கப்பட்டு, பெட்டியில் அடைக்கப்பட்டு, பெயர் பெற்றது எல்லாம் வெளிநாட்டில்தான். மெரில் ஜே. பெர்னாண்டோ 1980களில் டில்மா என்ற பெயரில், இங்கேயே பொதி செய்த தேயிலையை அவுஸ்திரேலியச் சந்தைக்குக் கொண்டுபோனபோது சங்கிலியின் இலாபம் மிகுந்த கண்ணியை நாட்டுக்குள் இழுத்து வந்தார். ஆனால் அந்த இலாபம் சங்கிலியின் அடி வரைக்கும் இறங்க வேண்டும் என்பதையும் இதே தேயிலைதான் காட்டுகிறது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்ற நிலையை எட்டவே 2021 வரை காத்திருக்க நேர்ந்தது.

மறுபக்கத்தை நான் அதிகம் பார்ப்பது பற்றுச்சீட்டுகளில். எங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவர் பேலியகொட பக்கம் அட்டைப்பெட்டி செய்பவர். அவரிடம் பெட்டி வாங்கும் பெரிய ஏற்றுமதி நிறுவனம் 90 நாள் கடனில்தான் வாங்கும். 2022 இல் டொலர் இல்லாமல் நாடே தவித்த மாதங்களில், காகிதம் இறக்க, வெளிநாட்டு விற்பனையாளருக்குப் பணத்தை உறுதிசெய்யும் கடன் கடிதத்தை வங்கி திறக்கவில்லை. உள்ளூரில் காகிதம் விற்பவர்களோ ரொக்கம் கேட்டார்கள். இவர் 20 சதவீதத்துக்கும் மேலான வட்டிக்குக் கடன் எடுத்துப் பெட்டியைச் செய்து கொடுத்துவிட்டு, பணத்துக்காக மூன்று மாதம் காத்திருந்தார். அந்த நிறுவனத்துக்கு டொலரில் வருமானம் இருந்தது. இவரைவிடக் குறைந்த வட்டியில் கடன் பெறவும் அதனால் முடியும். மலிவாகப் பணம் திரட்டக் கூடியவர், வட்டி அதிகம் கட்ட வேண்டியவரின் பணத்தைக் கொண்டு தன் வியாபாரத்தை நடத்தினார். இதனால் சங்கிலி முழுவதற்குமான செலவு கூடியது, ஏனென்றால் அந்த வட்டி இன்றில்லாவிட்டால் நாளை பெட்டியின் விலையில் ஏறும், அல்லது பெட்டி செய்பவரே தொழிலை மூடுவார். நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் மட்டும் இது நடைமுறை மூலதனத்தை, அதாவது அன்றாட வியாபாரத்தில் சுழலும் பணத்தை, திறமையாகக் கையாண்டதாகத் தெரியும்.

இதையே பேரளவில் 2020 இல் பார்த்தோம். பெருந்தொற்றுப் பரவியதும் மேற்கத்திய ஆடை நிறுவனங்கள் பல, தைத்து முடித்த ஓடர்களையும் சேர்த்து ரத்துச் செய்தன. பங்களாதேசத்தில் மட்டும் 300 கோடி டொலருக்கும் மேற்பட்ட ஓடர்கள் ரத்தாயின அல்லது நிறுத்திவைக்கப்பட்டன. துணிக்குப் பணம் கட்டுவது தொழிற்சாலை. வாங்குபவர் பணம் தருவதோ சரக்கு கப்பலேறிய பிறகு. ஒப்பந்தத்தை இப்படி எழுதிவைத்தால், வரக்கூடிய எந்த விபத்தின் நட்டமும் முன்கூட்டியே தொழிற்சாலையின் பெயரில் பதிவாகிவிடுகிறது. கிளிநொச்சியிலும் மட்டக்களப்பிலும் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் இளம் பெண்களின் வருமானமும் இத்தகைய ஒப்பந்தங்களில் தொங்கிக்கொண்டிருப்பதால், இதை வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையிலான விவகாரம் என்று என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை.

எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலை கொழும்பில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நைத்திரிக் அமிலம் கசிந்த ஒரு கொள்கலனை இறக்க இந்தியாவின் ஹசிராவிலும் கட்டாரின் ஹமாத்திலும் கேட்கப்பட்டது. இரு துறைமுகங்களிலும் அது இறக்கப்படவில்லை. கப்பல் அதனோடேயே பயணத்தைத் தொடர்ந்து, 2021 மே மாதம் நம் கடலில் தீப்பிடித்தது. பிளாஸ்டிக் மணிகள் நீர்கொழும்பு வரையிலும் அதற்கு அப்பாலும் கரையொதுங்கின, மீனவர்கள் கடலுக்குப் போக முடியவில்லை. அந்தக் கப்பலில் ஒரு பெட்டிகூட அனுப்பியிராத குடும்பங்கள் அதன் செலவைச் சுமந்தன. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் 100 கோடி டொலர் இழப்பீடு செலுத்த உத்தரவிட்டது.

இதற்கு மாறான வழி இல்லாமல் இல்லை. ஜப்பானைத் தாக்கிய 2011 மார்ச் நிலநடுக்கத்துக்குப் பிறகு, கையிருப்பைக் குறைப்பதற்கே பெயர் போன டொயோட்டா, மின்னணுச் சில்லுகளை இரண்டு முதல் ஆறு மாதத் தேவைக்கு இருப்பில் வைக்கும்படி தன் வழங்குநர்களைக் கேட்டது. 2021 இன் முற்பகுதியில் மற்ற நிறுவனங்கள் சில்லு இல்லாமல் உற்பத்தியை நிறுத்தியபோது டொயோட்டா பெரும்பாலும் தாக்குப்பிடித்தது. ஆண்டின் பிற்பகுதியில்தான் அதுவும் உற்பத்தியைப் பெருமளவு குறைக்க நேர்ந்தது. அந்த இருப்பைச் சுமப்பதற்கு ஈடாக, வழங்குநர்களிடம் ஆண்டுதோறும் பெறும் விலைக்குறைப்பில் ஒரு பகுதியை அது திருப்பிக் கொடுத்ததாக அப்போது செய்திகள் வெளியாகின. பாதுகாப்பு வேண்டுமென்றால் அதற்குரிய விலையைக் கேட்பவரே தரவேண்டும் என்ற இந்த ஏற்பாடுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

நம் ஏற்றுமதியாளர்கள் வெளிநாட்டு நிறுவனங்களிடம் நியாயம் கேட்பது சரியே. தைக்கத் தொடங்கிய ஓடரை ரத்துச் செய்தால் துணியின் விலையையும் கூலியையும் வாங்குபவர் தரவேண்டும் என்ற நிபந்தனையை, தனித்தனியாகப் பேரம் பேசாமல் தொழிற்துறை ஒன்றுசேர்ந்து ஒப்பந்தத்தில் எழுதிவாங்க வேண்டும். அதே மேசையில் வைக்கவேண்டிய இன்னொரு கோப்பும் இருக்கிறது: பெட்டி, லேபல், பொத்தான், வாகனம் தரும் உள்ளூர்ச் சிறியவர்களுக்கு 30 நாட்களுக்குள் பணம் கொடுப்பது. இதற்கு எந்த வெளிநாட்டவரின் சம்மதமும் தேவையில்லை, கொழும்பிலுள்ள ஒரு நிதி முகாமையாளரின் கையெழுத்துப் போதும்.