புல்லைக் கடைசியில் பாருங்கள், முதலில் தரையைப் பாருங்கள்

வீட்டுக்குப் பின்னால் செயற்கைப் புல் போட்டு ஆடுகளம் அமைக்கப் போகிறோம், எந்தப் புல் நல்லது என்று இந்த இரண்டு மாதத்தில் நாலு பேர் கேட்டுவிட்டார்கள். தனித்தனியாகச் சொன்னதையே இங்கே எழுதிவிடுகிறேன். புல்லைப் பற்றிக் கடைசியில் யோசிக்கலாம். அடியில் தரை எப்படி இருக்கப்போகிறது என்று முதலில் கேளுங்கள்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். வந்தவர்கள் இரண்டே நாளில் வேலையை முடித்துவிட்டுப் போனார்கள். பார்க்க அவ்வளவு அழகு, பிள்ளைகள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினார்கள். முதல் பெருமழை வரைக்கும்தான் அந்தச் சந்தோஷம். மழை விட்டு ஒரு நாள் ஆகியும் நடுவில் தண்ணீர் நின்றது, மிதித்தால் சளக் சளக்கென்று சத்தம், பந்து அந்த இடத்தில் விழுந்தால் எழும்பவே இல்லை. ஒரு மூலையைப் பிரித்துத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு விரற்கடைக்குத்தான் ஜல்லி, அதுவும் களிமண்ணுக்குள் புதைந்து மண்ணும் கல்லும் கலந்த சேறாகக் கிடந்தது. இடையில் துணி இல்லை, ரோலர் ஓட்டிய அடையாளமே இல்லை. புல்லில் ஒரு குறையும் சொல்ல முடியாது, நல்ல புல்தான், அதை விரித்த இடம்தான் சரியில்லை.

எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடி போட்டோம். இந்த முறை நானும் கூடவே நின்றேன். 20 செ.மீ. ஆழத்துக்குத் தோண்டி, அடிமண்ணை இறுக்கி, அதன்மேல் ஜியோடெக்ஸ்டைல் துணியை விரித்து (மண்ணும் ஜல்லியும் ஒன்றுக்குள் ஒன்று போகாமல் தடுப்பது இதுதான்), ஜல்லியை ஒரே தடவையில் கொட்டாமல் அடுக்கடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கிலும் தண்ணீர் தெளித்து இயந்திரத்தால் அமுக்கினோம். மேலே கிரஷர் தூள் (கல் உடைக்கும்போது வரும் தூள்). தண்ணீர் ஒரு பக்கம் ஓட 1 மீட்டருக்கு 1 செ.மீ. வாட்டம். கடைசியில் 3 மீட்டர் மட்டக்கோலைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தோம், தெரிந்த இடத்தில் தூளை நிரப்பி மறுபடி அமுக்கினோம். சலிப்பான வேலை, முதுகு விட்டுப்போகும். ஆனால் பந்து ஒழுங்காக எழும்புமா எழும்பாதா என்பது அந்த ஒரு மணி நேரத்தில் முடிவாகிவிடுகிறது. 1976 மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில் ஹாக்கி முதன்முதலாகச் செயற்கைப் புல்லுக்கு வந்தபிறகு அந்த ஆட்டமே வேகம் பிடித்ததற்குக் காரணம் பந்து மேடுபள்ளத்தில் தடுக்காமல் உருண்டதுதான். அந்தச் சமதளத்தை விட்டுவிட்டால் நாம் வாங்குவது பச்சை நிறத்தில் ஒரு ஜமக்காளம்.

புல் விரிக்கும்போது இரண்டே விஷயம். எல்லாச் சுருளிலும் இழை ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், ஒன்று மாறினாலும் பந்து அங்கே வேறு மாதிரி ஓடும். அப்புறம், இழைகளுக்கு நடுவே நிரப்பும் மணல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், ஈரமாக இருந்தால் இழைக்குள் இறங்காமல் மேலேயே கட்டிதட்டி நிற்கும். கொஞ்சம் தூவி, இழை சாய்ந்திருப்பதற்கு எதிர்ப்பக்கமாகத் துடைப்பம் போட்டு, மறுபடி கொஞ்சம் தூவி என்று பொறுமையாகச் செய்ய வேண்டும்.

எந்த ஆட்டம் என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். எல்லா ஆட்டத்துக்கும் ஒரே களம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கூடைப்பந்து செயற்கைப் புல்லில் சரியாக எழும்பாது, அதற்குக் கெட்டித் தரைதான். டென்னிசுக்கு மணல் நிரப்பிய குட்டை இழை, கால்பந்துக்கு 40 மி.மீ. அல்லது அதற்கும் மேலே. டென்னிஸ் கோட்டுக்குள்ளேயே 23.77 மீட்டர் நீளம், 10.97 மீட்டர் அகலம், அதைச் சுற்றி ஓடுவதற்கு இன்னும் இடம் வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அது முடியாது. 20.12 மீட்டர் நீளத்தில் கிரிக்கெட் பிட்ச் ஒன்றை மட்டும் போட்டு வலை கட்டினால்கூடப் போதும், பிள்ளைகள் வருடக்கணக்கில் ஆடுவார்கள்.

சூட்டைப் பற்றி விற்பவர்கள் வாயே திறப்பதில்லை, எனக்குக் கோபம் வருவது இதில்தான். உச்சி வெயிலில் செயற்கைப் புல்லின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியசைத் தாண்டிவிடும். உயிருள்ள புல் நீராவியை விட்டுவிட்டுத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும், பிளாஸ்டிக் என்ன செய்யும்? தண்ணீர் அடித்தால் கொஞ்ச நேரம் தாங்கும், மறுபடி கொதிக்கும். வெறுங்காலோடு சின்னக் குழந்தைகளை அந்த நேரத்தில் விடவே விடாதீர்கள். ரப்பர் துகள் நிரப்பித் தருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சூட்டையும் கூட்டும், காலோடு வீட்டுக்குள்ளும் வரும், மழையோடு சாக்கடைக்கும் போகும். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த நுண்பிளாஸ்டிக் கட்டுப்பாட்டின்படி 2031க்குப் பிறகு இந்தத் துகள்களை அங்கே விற்கவே முடியாது. சிலிக்கா மணல் போதும்.

இன்னொன்றும் மனதில் இருக்கிறது. ஹூஸ்டனில் 1965இல் ஆஸ்ட்ரோடோம் என்ற கூரை போட்ட மைதானத்தைத் திறந்தார்கள். கூரை வழியாக வந்த வெளிச்சம் ஆட்டக்காரர்களின் கண்ணைக் கூசச் செய்கிறது என்று கூரைக்குப் பெயின்ட் அடிக்க, வெயில் இல்லாமல் புல் செத்துப்போனது. அடுத்த வருடம் அங்கே செயற்கைப் புல் வந்தது, அதற்குப் பிறகுதான் உலகத்துக்கே அது தெரிந்தது. புல் வாழ முடியாத இடத்துக்காக வந்த பொருள் அது. நம் வீட்டுக்குப் பின்னால் வெயிலும் மழையும் மண்ணும் இருக்கும்போது சுவர் முதல் சுவர் வரை பிளாஸ்டிக்கால் மூடுவது எனக்கு ஒப்பவில்லை. ஆடும் இடத்துக்கு மட்டும் போடுங்கள். நாங்கள் இரண்டாம் முறை போட்டபோது மரத்தைச் சுற்றி ஒன்றரை மீட்டரை மண்ணாகவே விட்டுவிட்டோம், வாட்டமும் அந்தப் பக்கம்தான், களத்தில் விழும் மழையெல்லாம் வேருக்குப் போகிறது.

தோண்டியதிலிருந்து மட்டம் பார்த்தது வரை ஒவ்வோர் அடுக்கையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன். வேலை ஆரம்பிக்கப் போகிறவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன்.