கறியை விட்டாச்சு, தயிரை?

தைப்பூச விரதம் என்றால் நம்மில் பலர் 48 நாள்கூட கறி, மீன் தொடாமல் இருந்துவிடுவார்கள். அவர்களிடமே "தயிரையும் நிறுத்துங்களேன்" என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறிவிடும். விலங்கிலிருந்து வரும் எதையும் உண்ணாத, வீகன் என்கிற நனிசைவத்துக்கு நம் வீடுகளில் தடை கறி இல்லை. தயிர், நெய், தே என்கிற பால் தேநீர், இந்த மூன்றும்தான்.

பாலில் உயிர்வதை எங்கே வந்தது என்பார்கள். மாடு கன்று ஈன்றால்தான் பால். பால் பண்ணைகளில் கன்றைப் பிறந்த கொஞ்ச நேரத்திலோ சில நாளிலோ பிரித்துவிடுவது வழக்கம். காளைக்கன்று கறக்காது, அது கறிக்குப் போகும். மடி வற்றிய தாய்க்கும் அதே வழிதான். ஆட்டுக்கறியை விட்டுப் பன்னீர் பட்டர் மசாலாவுக்குத் தாவுவதை ஜீவகாருண்யக் கணக்கில் எழுத எனக்கு மனசில்லை.

சிங்கப்பூர் தேக்காவில் தோசை சொல்லும்போதே "அண்ணே, நெய் வேணாம், எண்ணெய் போதும்" என்று சொல்லிவிடுங்கள். பொங்கலில் நெய் உள்ளேயே இருக்கிறது, கேட்டுப் பயனில்லை. காப்பிக்கடையில் 'தே' என்றால் கண்டென்ஸ்டு மில்க், 'தே சி' என்றால் எவாப்பரேட்டட் மில்க். நமக்குப் பால் சேர்க்காத 'தே ஓ'தான். சீனர்களின் சைவக் கடைகளில் போலிக் கறியை மட்டும் விசாரியுங்கள், சிலவற்றில் முட்டை வெள்ளையோ பால் புரதமோ இருக்கும். பொட்டலமாக வாங்கினால் சுலபம்: முட்டையும் பாலும் இருந்தால் லேபிளில் போட்டாக வேண்டும் என்பது இங்கே சட்டம். காய்தானே என்று எடுக்கும் சம்பால் கங்கோங் கீரையில் பிளாச்சான் என்கிற இறால் விழுது ஒளிந்திருக்கும்.

தயிரை வீட்டிலேயே செய்யலாம். 200 கிராம் பச்சை வேர்க்கடலையை 8 மணி நேரம் ஊறவைத்து, தோல் நீக்கி, 800 மில்லி தண்ணீரில் அரைத்து வடிகட்டுங்கள். சிறு தீயில் கைவிடாமல் கிளறி 10 நிமிடம் காய்ச்சுங்கள். அடிப்பிடித்தால் அந்தத் தீய்ந்த வாடை கடைசிவரை போகாது. விரல் பொறுக்கும் சூட்டில் பத்துப் பச்சைமிளகாய்க் காம்பைப் போட்டு மூடினால், இங்குள்ள வெக்கையில் 8 மணி நேரத்தில் உறையும். ஏர்கான் அறையில் வைத்தால் உறையாது. முதல் தயிர் கொழகொழவென்றுதான் வரும். அதில் இரண்டு கரண்டி எடுத்து அடுத்த பாலுக்கு உறை ஊற்றினால் கெட்டிப்படும். சோயா பாலிலும் செய்யலாம், ஆனால் காப்பிக்கடைப் பால் சரிவராது: தண்ணீரும் சீனியும் அதிகம்.

வைட்டமின் பி12 விஷயத்தில் மட்டும் சமரசமே கூடாது. முட்டையும் தொடாத சைவர்களுக்கு அது வந்த வழியே பாலும் தயிரும்தான், அதையும் அடைக்கிறோம். ஈரலில் சேமிப்பு இருப்பதால் சில ஆண்டுகள் ஒன்றும் தெரியாது. பிறகுதான் களைப்பு, கால் மதமதப்பு, மறதி. கீரை, பருப்பில் உள்ள ஃபோலேட் என்கிற இன்னொரு வைட்டமின், பி12 குறைவால் வரும் ரத்தசோகையை மறைத்துவிடும், நரம்பு பாட்டுக்குக் கெட்டுக்கொண்டே இருக்கும். டெம்பே என்கிற புளித்த சோயாக் கட்டியையும் ஸ்பைருலினா என்கிற பாசிப் பொடியையும் இதற்கு நம்பாதீர்கள். நாளுக்கு 10 மைக்ரோகிராம், அல்லது வாரத்துக்கு 2000 மைக்ரோகிராம் மாத்திரை. இனிப்புநீருக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்கள், அந்த மருந்தும் பி12 உறிஞ்சலைக் குறைக்கும் என்பதால், பாலிகிளினிக்கில் ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

உடம்பு இளைக்கும் என்று வருபவர்களுக்கு ஒரு தகவல்: உளுந்து வடை, தேங்காய்ப்பால் குருமா, மூன்று கரண்டி சீனி போட்ட தே ஓ, எல்லாமே வீகன்தான். அந்தத் தே ஓவையும் சாப்பாட்டோடு குடிக்காதீர்கள். பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேராமல் தடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள், சாப்பாட்டில் எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள்.