தங்கத்தைச் செலவழித்தால்தான் லெவல்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கதாபாத்திரமாகக் கதையை நகர்த்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடும் நண்பர்களில் பலர் இப்போது எக்ஸ்பி (சேர்த்தால் கதாபாத்திரம் லெவல் ஏறும் அனுபவப் புள்ளி) கணக்கே வைத்துக்கொள்வதில்லை. கதையில் ஒரு முக்கியமான கட்டம் முடிந்ததும் ஆட்டத்தை நடத்தும் டிஎம் "சரி, எல்லாரும் ஒரு லெவல் ஏறிக்கோங்க" என்கிறார். இதுதான் மைல்ஸ்டோன் முறை. கணக்குப் போடும் தொல்லை இல்லை, உண்மைதான். ஆனால் அந்த வசதிக்காக நாம் விட்டுக்கொடுப்பது ரொம்பப் பெரிது. எதைச் செய்தால் லெவல் கிடைக்கிறதோ, அதைத்தான் ஆட்டக்காரர்கள் செய்வார்கள். ஒரு கேம்பெயினில் (பல செஷன்களாகத் தொடரும் ஆட்டத்தில்) நாமே வைத்துக்கொள்ளும் வேறு எந்த ஹவுஸ் ரூலும் இந்த அளவுக்கு ஆட்டத்தை மாற்றுவதில்லை.

1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட முதல் பதிப்பிலிருந்தே புதையலுக்கு எக்ஸ்பி உண்டு. அடிப்படைக் கணக்கு, ஒரு தங்கக் காசுக்கு ஒரு எக்ஸ்பி. 1981-இல் வந்த பேசிக் பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஃபைட்டர் (போர்வீரர்) இரண்டாம் லெவலுக்குப் போக 2,000 எக்ஸ்பி வேண்டும். ஒரு ஓர்க்கை (அரக்க இன எதிரியை) கொன்றால் கிடைப்பது 10, அதையும் குழுவில் எல்லாரும் பங்கு போட வேண்டும். முதல் லெவல் ஆளை அந்த ஓர்க் ஒரே வெட்டில் சாய்த்துவிடலாம். இப்படியிருக்க யாராவது சண்டைக்குப் போவார்களா? பதுங்கிப் போனார்கள், பேரம் பேசினார்கள், காவலுக்கு நிற்பவனுக்குத் தீனி போட்டுத் திசைதிருப்பினார்கள், மாட்டிக்கொண்டால் ஓடினார்கள். யாரும் அவர்களுக்கு "புத்திசாலித்தனமாக ஆடுங்கள்" என்று பாடம் எடுக்கவில்லை. எக்ஸ்பி கணக்கே அதைச் சொல்லிக்கொடுத்தது.

1989-இன் இரண்டாம் பதிப்பில் தங்கத்துக்கான எக்ஸ்பி விருப்ப விதியாகச் சுருங்கியது, 2000-இன் மூன்றாம் பதிப்பில் அதுவும் போய்விட்டது. 2014-இன் ஐந்தாம் பதிப்பில் ஒரு காப்ளினை (குட்டி அரக்கனை) கொன்றால் 50 எக்ஸ்பி, இரண்டாம் லெவலுக்கு 300. நான்கு பேர் குழு என்றால் 24 காப்ளின்கள். சண்டையில்லாமல் சமாளித்தாலும் எக்ஸ்பி தரலாம் என்று டிஎம்முக்கு இடம் விட்டிருக்கிறார்கள். ஆனால் எண் அச்சாகியிருப்பது காப்ளினுக்குப் பக்கத்தில்தான். அப்புறம் ஆட்டக்காரர்கள் எதற்கெடுத்தாலும் வாளை உருவுகிறார்கள் என்று டிஎம்கள் வருத்தப்படுகிறார்கள். ஆட்டக்காரர்கள் விதி காட்டிய வழியில்தானே போகிறார்கள்.

மைல்ஸ்டோன் இதற்கு மருந்து என்று சொல்லப்படுகிறது. என்னால் அதை ஏற்க முடியவில்லை. கொன்றாலும் லெவல், பேசினாலும் லெவல், ஒன்றுமே செய்யாமல் கதையோடு நகர்ந்தாலும் லெவல். அப்போது ஆட்டக்காரர் கேட்கும் ஒரே கேள்வி "அடுத்து எங்க போகணும்?" என்பதாகிவிடுகிறது. வரைபடத்தின் ஓரத்தில் இருக்கும் இடிந்த கோபுரத்துக்குப் போக அவருக்கு எந்தக் காரணமும் இல்லை. பத்துப் பன்னிரண்டு செஷனில் முடியும், முன்கூட்டியே எழுதப்பட்ட கதைக்கு மைல்ஸ்டோன் பொருந்தும். ஆட்டக்காரர்களே வழியைத் தேர்ந்தெடுக்கும் நீண்ட கேம்பெயினுக்கு அது பொருந்தாது.

எங்கள் மேசையில் நாங்கள் வைத்திருக்கும் விதி ஆர்னசனின் பிளாக்மூர் கேம்பெயினிலிருந்து எடுத்தது. அங்கே தங்கத்தைக் கண்டெடுத்தால் போதாது. தன் கதாபாத்திரம் ஆசைப்படும் விஷயத்தில் செலவழித்தால்தான் எக்ஸ்பி. ஐந்தாம் பதிப்புக்கு இது அழகாகப் பொருந்துகிறது, ஏனென்றால் அதில் ஃபைட்டர் ஒரு நல்ல கவசம் வாங்கிய பிறகு தங்கத்தை வைத்துக்கொண்டு செய்ய ஒன்றுமில்லை. வாள், கவசம், மருந்துக் குப்பி இதற்கெல்லாம் கொடுக்கும் காசு எங்கள் கணக்கில் வராது. கோயிலுக்குக் காணிக்கை, ஊருக்கு விருந்து, அப்பாவின் கடன், விசார்டின் (மந்திரவாதியின்) ஆராய்ச்சி, இதெல்லாம் வரும். குள்ளர் இனத்து ஃபைட்டர் ஆடுபவர் தன் பங்கு முழுவதையும் ஒரு ஆற்றுப்பாலத்தைச் சீரமைக்கக் கொடுத்தார். அந்த ஊர் அதன்பிறகு எங்கள் கதையின் நடுவுக்கே வந்துவிட்டது. இப்படி ஒரு ஊரை நானே எழுதிக் கொடுத்திருந்தால் யாரும் அதன் பெயரைக்கூட நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

விகிதத்தை மட்டும் கவனமாகப் போட வேண்டும். பழைய ஒன்றுக்கு ஒன்று இங்கே நடக்காது. ஐந்தாம் பதிப்பின் ஆரம்ப நிலைப் புதையல் குவியலில் காசு மட்டும் சராசரியாக 196 தங்கம். ரத்தினங்களையும் கலைப்பொருட்களையும் சேர்த்தால் சுமார் 375. அந்த நிலை முடிவதற்குள் இப்படி ஏழு குவியல்கள் கிடைக்கும் என்பது டிஎம் வழிகாட்டியின் கணக்கு, அதாவது சுமார் 2,600 தங்கம். நான்கு பேர் ஐந்தாம் லெவலை எட்டத் தேவை 26,000 எக்ஸ்பி. ஆகவே ஒரு தங்கத்துக்கு 10 எக்ஸ்பி வைத்து, கொல்வதற்கான எக்ஸ்பியை அடியோடு எடுத்துவிட்டேன்.

செலவழிக்க ஊருக்குத் திரும்பியாக வேண்டும் என்பதால் லெவல் ஏறுவதும் ஊரில்தான். டன்ஜன் (நிலவறை) நடுவில் திடீரென்று ஒருவருக்கு ஃபயர்பால் மந்திரம் வந்துவிடுவதில்லை. 1979-இன் அட்வான்ஸ்டு விதிகளும் பயிற்சிக் கட்டணம் என்று இதைத்தான் முயன்றன, ஆனால் ரொம்பக் கடுமையாக. ஒரு வாரத்துக்கு லெவல் ஒன்றுக்கு 1,500 தங்கம். ஒரு தீஃப் (திருடர் கதாபாத்திரம்) இரண்டாம் லெவலுக்குத் தகுதி பெறுவதே 1,251 எக்ஸ்பியில். தகுதி வந்தும் பயிற்சிக்குக் கையில் காசு இருக்காது. லெவலுக்கு மேல் அபராதம் போட்டதுபோல ஆகிவிட்டது அது. செலவையே எக்ஸ்பி ஆக்கினால் அந்தச் சிக்கல் வராது.

வேலை காரணமாக ஒரு செஷனுக்கு வர முடியாதவருக்கும் புதையலில் சம பங்கு உண்டு. நன்றாக நடித்தவருக்குத் தனி எக்ஸ்பி கொடுப்பதில்லை. கூச்ச சுபாவம் உள்ளவர்களை அது ஓரங்கட்டுகிறது. நீங்கள் முயன்று பார்ப்பதாக இருந்தால் இன்னொன்று: ஐந்தாம் லெவலைத் தாண்டியதும் புதையல் பல மடங்கு பெருகும், அங்கே 10 என்பது மிக அதிகம். ஒரு தங்கத்துக்கு 4 எக்ஸ்பி என்று குறைத்துக்கொள்ளுங்கள், பதினொன்றாம் லெவல் வரை சரியாக வரும்.