வண்டி உடைக்கிறவர்களைத் திருடன் என்று சொல்லாதீர்கள்

சென்னை புதுப்பேட்டையில் பழைய வண்டிகளைப் பிரித்து உதிரிபாகம் விற்கிற எங்களைத் திருடர்கள் என்று காட்டுகிற ஒரு வீடியோவை எனக்கு டேக் செய்துகொண்டே இருக்கிறீர்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன்: பார்த்தேன், முழுசாகப் பார்த்தேன். "காலையில காணாமப் போற வண்டி சாயங்காலம் இங்க பார்ட் பார்ட்டா தொங்கும்" என்று வீடியோ எடுத்த தம்பி சிரித்துக்கொண்டே சொல்கிறார். அவருக்குப் பின்னால் தெரிவது எங்கள் தெரு. அந்தத் தெருக் கடையில் உட்கார்ந்துதான் அப்பா எங்களைப் படிக்க வைத்தார்.

அந்தத் தெருவில் நடக்கிற வியாபாரத்தை மட்டும் அவர் காட்டவே இல்லை. ஒரு காரின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இரும்பும் எஃகும்தான். வண்டியை அப்படியே நசுக்கிப் போட்டால் எடைக்கு மட்டும்தான் காசு. அதே வண்டியில் கியர் பாக்ஸ், ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார், கதவு, ஹெட்லைட் நல்லபடியாகக் கழன்று வந்தால் ஒவ்வொன்றும் பீஸ் கணக்கு. எடைக் கணக்குக்கும் பீஸ் கணக்குக்கும் நடுவில் இருப்பதுதான் எங்கள் லாபம். கழற்றத் தெரிந்த கையும், எது ஓடும் எது ஓடாது என்று பார்த்ததும் சொல்கிற கண்ணும் சம்பாதித்துக் கொடுக்கிற லாபம் அது.

மிச்சமும் வீணாவதில்லை. ஒயரிங்கில் செம்பு, பேட்டரியில் ஈயம், சைலன்சர் லைனில் புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வர்ட்டரில் பிளாட்டினமும் பல்லேடியமும். அலாய் வீல், எஞ்சின் ஹெட் எல்லாம் அலுமினியம். பாக்சைட் வெட்டிப் புதிதாக அலுமினியம் எடுக்கச் செலவாகிற ஆற்றலில் 5 சதவீதம் இருந்தால் போதும், பழையதை உருக்கிவிடலாம். உருக்கினது ஏடிசி 12 என்கிற அலுமினியக் கலவைக் கட்டியாக வார்ப்பட ஆலைக்குப் போய், இன்னொரு புது வண்டியின் உதிரிபாகமாகத் திரும்பி வருகிறது. நீங்கள் ஷோரூமில் மாலை போட்டு எடுத்த வண்டியிலும் எங்கள் தெரு அலுமினியம் இருக்கலாம்.

"அப்போ திருட்டு வண்டி வரவே வராதா?" என்று கேட்பீர்கள். வந்திருக்கிறது. வாங்கியவர்களைப் பிடித்து உள்ளே போடட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனை கார் மூழ்கியது? இன்சூரன்ஸ்காரர்கள் ரிப்பேர் செய்து பயனில்லை என்று டோட்டல் லாஸ் போட்டு ஏலம் விட்ட வண்டிகளை யார் எடுத்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஏலத்தில் எடுத்து, சேசிஸ் நம்பர் தகட்டை வெட்டி ஆர்டிஓவில் ஒப்படைத்து, ஆர்சி என்கிற பதிவுச் சான்று ரத்தான பிறகுதான் அப்பா ஸ்பேனரையே எடுப்பார். இரும்புத் துண்டுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. 2024 அக்டோபரிலிருந்து, பதிவில்லாத ஆளிடம் உலோகக் கழிவு வாங்கினால் அந்த வரியையும் கழிவை வாங்குகிற எங்களைப் போன்ற பதிவு பெற்ற கடைக்காரர்கள்தான் கட்ட வேண்டும். திருடனா வரி கட்டுகிறான்?

எங்கள் கடைகளின் கழிவு ஆயில் கூவத்தில் கலக்கிறதாம். ஊர்ச் சாக்கடை மொத்தமும் கலக்கிற இடத்தில் எங்கள் ஆயில் மட்டும்தான் உங்கள் கண்ணில் படுகிறது. சரி, தரையில் ஆயில் சிந்துவது தப்புதான். அதற்கு வழியை நானே கீழே சொல்கிறேன்.

2014இல் அம்பாசடர் தயாரிப்பு நின்றது. அதற்கப்புறம் எத்தனை டாக்ஸிக்காரர்கள் உதிரிபாகம் தேடி எங்கள் கடை வாசலில் வந்து நின்றார்கள் தெரியுமா? கோடம்பாக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வருவார். கியர் பாக்ஸ் போய்விட்டது, வண்டி நின்றால் வீட்டில் அடுப்பு நின்றுவிடும். அப்பா ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்து, "ஓட்டிப் பாருங்கண்ணே, ஓடினா காசு குடுங்க" என்றார். ஓடியது. தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸோடு வந்து காசையும் கொடுத்துவிட்டுப் போனார். இந்த மாதிரி ஆட்கள் வீடியோவில் வர மாட்டார்கள்.

அந்த வீடியோவைவிட வலித்தது வேறு. அண்ணன் ஒரு வங்கிக்கு லோன் கேட்டுப் போனான். ஐடி ரிட்டர்ன், ஜிஎஸ்டி எல்லாம் கையில். மேனேஜர் ஃபைலைத் திறக்கவே இல்லை. "காயலான் கடைக்கெல்லாம் குடுக்கறதில்ல சார்." அன்றைக்கு வீட்டுக்கு வந்தவன் சாப்பிடவில்லை.

2021இல் மத்திய அரசு பழைய வாகனக் கழிப்புக் கொள்கை கொண்டுவந்தது. வண்டி கழிக்கப் பதிவு பெற்ற மையத்தில் பழைய வண்டியைக் கொடுத்துச் சான்றிதழ் வாங்கினால், புது சொந்த வண்டிக்குச் சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை. நல்ல திட்டம், மனசாரச் சொல்கிறேன். 2025 ஏப்ரலிலிருந்து, ஆயுள் முடிந்த வண்டிகளுக்கு அதைத் தயாரித்த கம்பெனியே பொறுப்பு என்றும் விதி வந்துவிட்டது. அதுவும் சரி. ஆனால் அந்த மையம் தொடங்க இடம், எந்திரம், அனுமதி என்று ஆகிற முதலீடு எங்கள் தெருவில் யாரிடம் இருக்கிறது? பெரிய கம்பெனி செய்தால் அதற்குப் பெயர் மறுசுழற்சி, பசுமைத் தொழில். அதையே இத்தனை வருஷமாக எந்தச் சலுகையும் இல்லாமல் செய்தவன் திருடன். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நசுக்குகிற எந்திரத்துக்கு எடைக் கணக்கு மட்டும்தான் தெரியும். பீஸ் கணக்கு தெரிந்த கைகள் எங்கள் தெருவில் இருக்கின்றன. அவர்களைத் துரத்திவிட்டால் நஷ்டம் எங்களுக்கு மட்டும் இல்லை.

அரசுக்கு ஒரு கோரிக்கை: சிறுதொழில்களுக்கு அரசு அமைக்கிற சிட்கோ பேட்டை மாதிரி ஒரு பொது யார்டு கொடுங்கள். மேலே கூரை, ஆயில் மண்ணில் இறங்காத தளம், எடை மேடை, வருகிற ஒவ்வொரு வண்டியின் ஆர்சியையும் சரிபார்க்க வாசலிலேயே ஒரு அதிகாரி. பத்துப் பதினைந்து கடைக்காரர்கள் கூட்டாகச் சேர்ந்து பதிவு வாங்க வழி செய்யுங்கள். இலவசமாக ஒரு சதுர அடிகூட நாங்கள் கேட்கவில்லை. வாடகையை மாதா மாதம் கட்டுகிறோம்.