சொருகினா போதுமாம், சொருகினா!

லேப்டாப்புல இன்னொரு மானிட்டர் மாட்ட ஒரு அடாப்டர் வாங்கினேன். அந்த டப்பா மேல என்ன அச்சடிச்சிருக்கான்னு பாருங்க. யூஎஸ்பி டு எச்டிஎம்ஐ. கொட்டை எழுத்துல 4கே. பக்கத்துல 'பிளக் அண்ட் பிளே'. உள்ள என்ன சிப்பு, அதை ஓட்டுற சாஃப்ட்வேர், அதான் டிரைவர், தனியா போடணுமா, படத்தைத் தயார் பண்ற வேலை யார் தலையில விழும்? அதைப் பத்தி மூச்சே விடல.

பாண்டி நேரு வீதியில வாங்கினது. "லேப்டாப்ல ஒரே ஒரு எச்டிஎம்ஐ, அதுல ஏற்கனவே ஒரு மானிட்டர் ஓடுது, இன்னொண்ணு வேணும்"னு தெளிவாத்தான் சொன்னேன். "சொருகினா போதும் சார், வந்துரும்"னாரு கடைக்காரர்.

கடலூருக்குக் கொண்டாந்து சொருகினா வந்துச்சுய்யா, சிடி டிரைவ்! டிரைவர் சாஃப்ட்வேரை அடாப்டருக்குள்ளயே ஒரு போலி சிடியா வெச்சிருக்கான். ஆபீஸ் லேப்டாப்லதான் பென்டிரைவ், சிடி எதுவும் திறக்காதே. டிரைவர் போட அட்மின் பாஸ்வேர்டு வேற. ஐடி டீமுக்கு டிக்கெட் போட்டா, "பிசினஸ் ஜஸ்டிஃபிகேஷன் என்ன?"ன்னு திருப்பி அனுப்பறாங்க. எக்செல்லையும் மெயிலையும் மாத்தி மாத்திப் பார்த்துக் கழுத்து போச்சுன்னு எழுதட்டுமா?

கெஞ்சிக் கூத்தாடி டிரைவரும் போட்டாச்சு. இப்பவாவது நிம்மதியா? மவுஸை இழுத்தா அம்பு ஆடி அசைஞ்சு பின்னாடி வருது. ஷீட்டை வேகமா உருட்டினா வரியெல்லாம் கிழிஞ்சு தெரியுது. வீடியோ கால் வந்தா ஃபேன் ஊளையிடுது. அடாப்டரைத் தொட்டா தோசைக்கல்லு.

ஏன்னா இது படத்தைத் தானே தயார் பண்ற கிராஃபிக்ஸ் கார்டே கிடையாது. சாதா 1080பி படத்தை நொடிக்கு 60 தடவை அப்படியே அனுப்பணும்னாலே கிட்டத்தட்ட 3 ஜிகாபிட் வேணும். யூஎஸ்பி 2.0 தாங்கறது ஏட்டுக் கணக்குலயே 480 மெகாபிட். 3.0ல 5 ஜிகாபிட், அதையும் மத்த சாமானோட பங்கு போடணும். அதனால லேப்டாப்போட பிராசசர்தான் படத்தைச் சுருக்கி அனுப்புது. கூலி இல்லாத வேலை அதுக்கு, கோவம் எனக்கு.

இன்னொரு கொடுமை. டைப் சி போர்ட்டுல சொருகுற அடாப்டரும் கண்ணுக்கு இதே மாதிரிதான் இருக்கும். அதுல பல மாடல், லேப்டாப்போட நிஜ கிராஃபிக்ஸையே நேரா வெளிய எடுத்துக் குடுக்கும், டிரைவரே வேண்டாம். ஆனா போர்ட்டுல டிஸ்பிளேபோர்ட் ஆல்ட் மோட், அதாவது டைப் சி வழியாவே மானிட்டருக்குப் படம் அனுப்புற வசதி, இருக்கணும். இருக்கான்னு போர்ட்டைப் பார்த்தா எப்பவும் தெரியாது. ரெண்டையும் ஒரே கொக்கியில மாட்டி வெச்சு வித்தா யாருக்குப் புரியும்?

மேக் வெச்சிருக்க மச்சான் கதை தனி. எம்1 சிப்பு போட்ட மேக்புக் ஏர்ல ஒரு வெளி மானிட்டருக்கு மேல போகாதுன்னு அவனும் இந்த வகையறாவை வாங்கினான். ஸ்கிரீன் ரெக்கார்டிங் பர்மிஷன் குடுத்தாதான் அதுல ஓடுது. காசு கட்டிப் பார்க்கிற ஓடிடி படம் அந்த மானிட்டர்ல வெறும் கறுப்பு.

நம்ம ஊர் கரண்டைப் பத்தி சொல்லவே வேணாம். போனா, எல்லா விண்டோவும் லேப்டாப் ஸ்கிரீன்ல வந்து குவியும். வந்ததும் உட்கார்ந்து ஒவ்வொண்ணா இழுத்து அடுக்கணும்.

சரி, திருப்பிக் குடுக்கலாம்னு எடுத்துட்டுப் போனேன். "சீல் உடைச்சாச்சே சார், எடுக்க மாட்டோம்"ங்கறார். சீலை உடைக்காம எப்படிய்யா சொருகிப் பார்க்கிறது?